பத்தாவதாக நின்ற சந்திரா

தேர்தல் பணிக்கான ஆர்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்த மறுநாளே நம் ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். மீதிப் பேருக்கு மாமியார் சீரியஸாகிவிடுவார். மெடிக்கல் சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், சித்தூர் ஜில்லாவில் கரும்பலகை வரை நடக்கத் தெம்புள்ள ஆளே இல்லையோ என்று சந்தேகம் வந்துவிடும். உங்களில் பல பேருக்கு இந்த முறை முதல் ஆர்டர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். முதுகை விட்டுவிடுங்கள். தைரியமாகப் போங்கள்.

மெஷினை எப்படி இணைப்பது, எந்தக் கவருக்கு எந்த சீல் என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித்தருவார்கள். சொன்னதை மறந்தாலும் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாதது ஒன்று உண்டு. வாசலில் நூறு பேர் நிற்க, உள்ளே இரண்டு கட்சிக்காரர்கள் கத்த, நான்கு பேர் உங்கள் முகத்தையே பார்க்கும் நேரத்தில், என்ன செய்வது என்று நீங்கள் ஒருத்தர்தான் முடிவெடுக்க வேண்டும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலரை நாம் சுருக்கமாக பி.ஓ. என்கிறோம். அன்று ஒரு நாளைக்கு அந்த அறைக்குள் பி.ஓ. வைத்ததுதான் சட்டம். நான் பல தேர்தல்களில் பி.ஓ.வாக உட்கார்ந்திருக்கிறேன். அதில் ஒரு காலை நேரத்தை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதுகு நிமிர்ந்துகொள்கிறது.

திருச்சானூரில் ஒரு பள்ளிக்கூடம். கோயிலுக்குப் போகிற ஷேர் ஆட்டோக்கள் வாசலிலேயே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் பெஞ்சுகளை இழுத்துப் போட்டு, அட்டைத் தடுப்பை நிறுத்திக்கொண்டிருந்தோம். வாசலில் மாம்பழ நிறப் புடவையில் ஒருவர் வந்து நின்றார். நல்ல உயரம், நெற்றியில் பெரிய பொட்டு, நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். திருநங்கை என்று பார்த்தவுடன் தெரிந்தது. உள்ளே வாங்கம்மா என்றேன். அவர் வாசற்படியைத் தாண்டவில்லை.

"பேர சத்தமா கூப்புடுவீங்களா மேடம்?" என்று தமிழில் கேட்டார். திருச்சானூரில் பாதிக் கடைகள் எங்கள் பக்கத்து ஆட்களுடையவை என்பதால் அந்தத் தமிழ் எனக்கு ஆச்சரியமாக இல்லை. நானே தமிழ்நாட்டு எல்லையோரப் பாலசமுத்திரத்துக்காரி.

சத்தமாகத்தான் கூப்பிடணும், வேட்பாளர்களுடைய ஏஜெண்டுகள் காதில் விழணும், அதுதான் முறை என்றேன்.

"என் பேரு இன்னான்னு போட்டுக்கீது?"

வோட்டர் லிஸ்டை எடுத்துத் தேடினேன். "சந்திரா."

"ஒரு தபா சத்தமா படிங்க மேடம்."

படித்தேன். இன்னொரு தபா என்றார். மறுபடி படித்தேன். எங்களோடு இருந்த உதவி அலுவலர் பையன் சிரிக்கப் பார்த்தான். நான் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான்.

அப்புறம்தான் அவர் காரணத்தைச் சொன்னார். போன தேர்தலில் லிஸ்டில் அவருக்கு அப்பா வைத்த பழைய பெயர், ஆண் பெயர், இருந்திருக்கிறது. புடவையோடு வரிசையில் நின்று வாசல் வரை வந்தவரை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் அந்தப் பெயரை ராகம் போட்டு இழுத்துச் சொன்னான். சந்திரா வாசற்படியிலிருந்தே திரும்பிவிட்டார். பிறகு பெயரை மாற்றுவதற்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, ஒருவழியாக மாற்றியும் விட்டார். அவர் வீட்டில் அவரை நம்பி ஏழு பேர் இருந்தார்கள். எல்லோரும் திருநங்கைகள், எல்லோரும் சின்ன வயசு. அவர்களையும் சந்திராதான் இழுத்துக்கொண்டு போய் லிஸ்டில் சேர்த்திருந்தார். ஆனால் போன தடவை நடந்த கதை அவர்களுக்கும் தெரியும்.

"நீ மொதல்ல போட்டுட்டு வா அக்கா, அப்பறமா நாங்க போடறோம்ன்றாளுங்க. இந்த தபாவும் நான் வாசப்படில திரும்பிட்டேன்னா ஒருத்தியும் இந்தப் பக்கம் எப்பவும் வர மாட்டா மேடம்."

திரும்ப வேண்டியிருக்காது என்று சொல்லி அனுப்பினேன். பி.ஓ. ஒருத்தி இப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டேன்.

இங்கே நடுவில் ஒரு இட்லி விஷயம் சொல்ல வேண்டும். தேர்தல் நாள் காலையில் யாராவது ஒரு ஏஜெண்ட் உங்களுக்கு டிபன் கொண்டுவருவார். அன்பாகத்தான் கொண்டுவருவார். தொடாதீர்கள். அந்த இட்லியைத் தின்றுவிட்டு மத்தியானம் அவரை வெளியே போ என்று சொல்ல உங்கள் வாய் வராது. எனக்கு எப்போதும் புளிச்சோறு பொட்டலம் வீட்டிலிருந்தே வரும். அன்று காலையில் இட்லி கொண்டுவந்தவர் முனிரத்தினம். கோயில் தெருவில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர், ஒரு பெரிய கட்சியின் ஏஜெண்ட். வேண்டாம் என்றதும் அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. எதிர்க் கட்சியின் ஏஜெண்ட் தண்டபாணி, வளையல் கடைக்காரர். முனிரத்தினத்தின் முகம் சுண்டியதில் அவருக்கு ஏக சந்தோஷம். இரண்டு பேரும் ஒரே தெருவில் வியாபாரம், ஒரே டீக்கடையில் டீ, ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் ஜென்ம விரோதிகள்.

வாக்குப்பதிவு தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வாசலிலிருந்த கான்ஸ்டபிள் உள்ளே வந்தார். ஆண் வரிசை ஒன்று, பெண் வரிசை ஒன்று இருக்கிறது, எட்டு திருநங்கைகள் வந்திருக்கிறார்கள், அவர்களை எந்த வரிசையில் நிறுத்துவது, மூன்றாவதாக ஒரு கயிறு கட்டட்டுமா என்று தெலுங்கில் கேட்டார். எட்டிப் பார்த்தேன். அவர்கள் ஏற்கெனவே பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். சந்திராவின் முன்னால் நின்ற அம்மாள் தன் பேரப் பிள்ளையை அவர் இடுப்பில் கொடுத்துவிட்டுப் புடவை கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த வரிசைக்கு இல்லாத சந்தேகம் நமக்கு எதற்கு? நின்ற இடத்திலேயே நிற்கட்டும், கயிறெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேள்வி உங்களிடம் வந்துவிட்டதாலேயே அதற்குப் புதிதாக ஒரு பதிலைத் தயாரிக்க வேண்டுமென்று இல்லை. சில கேள்விகளுக்கு ஜனங்களே பதில் சொல்லி முடித்திருப்பார்கள்.

நிம்மதியாக உட்கார்ந்தேன். உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் வெளியே சத்தம்.

திருச்சானூர் கடைத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. திருநங்கை கையால் போணி ஆனால் அன்றைக்கு வியாபாரம் நிற்காமல் ஓடும் என்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, முதல் காசு அவர்கள் கையிலிருந்துதான் வர வேண்டும் என்று காத்திருக்கிற கடைகள் எத்தனையோ. அதிலும் சந்திராவின் கைக்கு அந்தத் தெருவில் தனி மரியாதை. அவர் வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் முன்னால் நின்ற பெண்கள் விலகி வழிவிட்டு, நீ முதலில் போடு அக்கா, ஊருக்கே ராசி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த தண்டபாணியின் காதில் இது விழுந்தது. பத்து வருஷமாகத் தன் கடைக்குப் போணி செய்கிற கை, தன் சின்னத்துக்கும் போணி செய்யாமல் எங்கே போகும் என்று அவருக்குக் கணக்கு. எழுந்து ஓடிப்போய் சந்திராவின் கையைப் பிடித்து வரிசையின் முன்னால் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

முனிரத்தினம் சும்மா இருப்பாரா? வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டார். என்னிடம் நியாயம் கேட்டுக் கூப்பாடு.

"மேடம், இந்த சந்திரா கைராசி ஊருக்கே தெரியும். பத்து வருசமா இவன் கடைல போணி பண்ணிக்கினு கீறாங்கோ. மொத ஓட்டு அவங்க கை பட்டுச்சின்னா எங்க சின்னம் எந்திரிக்காது. எப்பனா வந்து போட்டுக்கட்டும். மொதல்ல மட்டும் கூடாது."

சிரிக்காதீர்கள். அந்த இடத்தில் நின்றிருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது. வரிசை கலைந்து இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ஒரு பக்கம் முதலில் போடு என்கிறார்கள், ஒரு பக்கம் போடாதே என்கிறார்கள். நடுவில் சந்திரா, ஒரு கை தண்டபாணியின் பிடியில் மாட்டியிருக்க, அசையாமல் நிற்கிறார். அவருக்குப் பின்னால் அந்த ஏழு பெண்களும் ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டு மிரள மிரளப் பார்க்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது, இரண்டு பேர் மேலும் வந்தது. ஒருவர் தலையில் தூக்கி வைக்கிறார், ஒருவர் தள்ளிவிடுகிறார். ஓட்டுப் போட வந்த ஒரு மனுஷி அங்கே நிற்பது இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

நான் நேரே சந்திராவிடம் போய், நீங்கள் வரும்போது உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"ஒம்போது பேரு. நான் பத்தாவது." கையை மெதுவாக உருவிக்கொண்டார். "பத்தாவதாவே போறேன் மேடம். நான் போணி பண்ண வரல. ஓட்டு போட வந்தேன்."

அவரே நடந்துபோய்த் தன் பழைய இடத்தில் நின்றுகொண்டார். வரிசையும் பழையபடி சேர்ந்துகொண்டது. முதல் ஓட்டைப் பூ கட்டி விற்கும் ஒரு அம்மாள் போட்டார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். தண்டபாணியின் வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த முனிரத்தினத்தின் காதோரம் குனிந்து, கை கைதானே, பத்தாவதாகப் பட்டால் மட்டும் வேலை செய்யாதா என்று சீண்டிவிட்டார். அந்தச் சாவடியில் போன முறை முனிரத்தினத்தின் கட்சி மயிரிழையில் ஜெயித்திருந்தது. அவர் வேர்க்க ஆரம்பித்தார். தன்னிடமிருந்த லிஸ்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி உற்றுப் பார்த்தார்.

பெண்கள் வரிசையில் பத்தாவது ஆளின் முறை வந்தது. முதல் அலுவலர், "சந்திரா" என்று சத்தமாகக் கூப்பிட்டார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சந்திரா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். அவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

முனிரத்தினம் எழுந்தார். மேஜைமேல் இரண்டு ரூபாய் நாணயத்தை வைத்தார்.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். வந்திருப்பவர் லிஸ்டில் இருக்கும் ஆள் இல்லை என்று ஒரு ஏஜெண்டுக்குத் தோன்றினால், இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். பி.ஓ. அங்கேயே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். இந்த ஆட்சேபம் பல தேர்தலுக்கு ஒரு முறைதான் வரும். அன்றைக்கு வந்தது.

"போட்டோவ பாருங்க மேடம். இந்தம்மா அந்த ஆளு இல்ல."

பார்த்தேன். பெயரை மாற்றியவர்கள் படத்தை மாற்றவில்லை. தாடை ஒட்டி, அரும்பு மீசையோடு ஒரு இளைஞன் அதில் இருந்தான். வோட்டர் கார்டிலும் அதே படம். வேறு அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். சந்திரா ஆதாரை நீட்டினார். அதிலும் அதே அரும்பு மீசை.

"பேர மாத்தவே செருப்பு தேஞ்சிபோச்சி மேடம். மூஞ்சிய மாத்தறதுக்கு அப்பறமா வான்னு சொல்லிட்டாங்கோ."

செய்தி வாசல் வழியாக வெளியே போயிற்று. போட்டோ பொருந்தவில்லையாம், செல்லாதாம், திருப்பி அனுப்பப் போகிறார்களாம் என்று ஆளுக்கொரு பேச்சு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் வரிசையை விட்டு விலகி கேட்டை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார்கள். தண்டபாணி மேஜையைத் தட்டி, இவங்க யாருன்னு எனக்குத் தெரியும், நான் சாட்சி என்று கத்தினார். அவன் கட்சிக்காரன், அவன் சாட்சி செல்லாது என்று முனிரத்தினம் கத்தினார். உடனே போனை எடுத்து மேலிடத்துக்குப் பேசப்போவதாக மிரட்டினார். உள்ளே போன் கூடாது என்று கான்ஸ்டபிள் வந்தார். என் உதவி அலுவலர் பையன், எதுக்கு மேடம் வம்பு, அப்புறமா வரச் சொல்லுங்களேன் என்று காதில் முணுமுணுத்தான்.

அப்புறமா வா என்பதுதான் நம் ஆபீஸ்களில் சுலபமான வார்த்தை. அதைச் சொன்னால் யாரும் நம்மைத் தண்டிக்க மாட்டார்கள், கையெழுத்துப் போட வேண்டாம், தப்பு செய்ததாகவும் ஆகாது. சந்திராவின் முகம் அதற்குள் மாறிவிட்டிருந்தது. அவர் பார்வை வாசற்படிக்குப் போய்ப் போய் வந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் அவரே திரும்பிவிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எல்லோரும் அவசரப்படுகிற நேரத்தில் நீங்கள் மெதுவாகிவிடுங்கள். நான் செம்பிலிருந்து தண்ணீர் குடித்தேன். சந்திராவுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னேன். எனக்கு எதிரே முனிரத்தினத்தையும் உட்கார வைத்தேன். உட்கார்ந்துவிட்டால் மனுஷனுக்குப் பாதி வேகம் குறைந்துவிடும். அந்த அறையில் இருந்த காகிதம் எல்லாம் அரும்பு மீசையைத்தான் காட்டுகிறது. இனி மனுஷர்களைத்தான் கேட்க வேண்டும். தண்டபாணியைக் கேட்டால் கட்சி என்பார்கள். வரிசையில் நிற்கும் பெண்களைக் கேட்கலாம், அதற்குள் கேட்டுக்குப் போனவர்கள் போயே விடுவார்கள். யாரைக் கேட்பது என்று யோசித்தபோதுதான் சாட்சி எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பது உறைத்தது. ஆட்சேபம் செய்தவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது விதி. அவரிடமே ஆரம்பித்தேன்.

"இவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். போட்டோல கீறது வேற ஆளு."

"காலைல ஒருத்தங்க மொத ஓட்டு போடக் கூடாதுன்னு வாசல்ல கைய விரிச்சிக்கினு நின்னீங்களே. அவங்க யாரு?"

அவர் கையிலிருந்த லிஸ்டை மடித்தார், பிரித்தார். நான் காத்திருந்தேன்.

"சந்திரா," என்றார் கடைசியில்.

"எந்த சந்திரா?"

"போணி பண்ற சந்திரா."

"வீடு எங்க?"

"குளத்துக்குப் பின்னால தெருவுல."

"லிஸ்ட்ல இருக்கிற சந்திராவுக்கு எந்தத் தெருன்னு போட்டிருக்கு? உங்க காகிதத்தையே பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தார். அதே தெரு.

"அந்த வீட்டுல வேற சந்திரா யாராவது இருக்காங்களா?"

"இல்ல மேடம்."

"இவங்களப் பத்து வருஷமா ஊருக்கே தெரியும்னு காலைல இந்த வாசல்ல நின்னு சொன்னது யாரு?"

முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். கான்ஸ்டபிள் சிரிப்பை மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தண்டபாணி வாயைத் திறக்கப் போனார், கையைக் காட்டி உட்கார வைத்தேன். கைராசிக்குப் பயப்படுகிறவனுக்கு அது யாருடைய கை என்று தெரியாமல் இருக்குமா? ராசியை நம்பி அவர் செய்த ரகளைதான் அவர் ஆட்சேபத்தையே கவிழ்த்துவிட்டது. நான் என் பங்குக்கு அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான்.

சந்திரா நாற்காலியிலிருந்து எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஒங்க லாட்ஜு தொறந்த அன்னிக்கி எலுமிச்சம்பழம் சுத்தறதுக்கு என்னத்தான் கூட்டிக்கினு போனீங்க அண்ணா. அன்னிக்கி எம் மூஞ்சி தெரிஞ்சிது. என் கை வேணும் ஒங்க எல்லாருக்கும். இந்த ஒத்த வெரலு மட்டும் வேணாமா?"

இடது கை ஆள்காட்டி விரலை மேஜைமேல் வைத்தார். நான் என் குரல் எனக்கே கேட்கும்படி தெளிவாகச் சொன்னேன். ஆட்சேபம் நிரூபிக்கப்படவில்லை, இவர் லிஸ்டில் உள்ள சந்திராதான், வாக்களிக்கலாம். இரண்டு ரூபாய் சர்க்காருக்குப் போயிற்று. இரண்டாவது அலுவலர் மையை எடுத்தார். சந்திராவின் விரலில் கோடு போட்டார்.

தடுப்புக்குப் பின்னால் அவர் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். நான் அவசரப்படுத்தவில்லை. மெஷினின் அந்த நீளமான பீப் சத்தம் கேட்டது. பி.ஓ. அழக்கூடாது என்று கையேட்டில் எங்கேயும் இல்லை, ஆனாலும் அடக்கிக்கொண்டேன்.

வெளியே போனவர் படியில் நின்று விரலைத் தூக்கிக் காட்டினார். வரிசையிலிருந்த பெண்கள் கைதட்டினார்கள். கேட் வரை போய்விட்ட அந்த இரண்டு பேரும் ஓடோடி வந்தார்கள். விட்டுப்போன இடம் அவர்களுக்காகக் காலியாகவே இருந்தது, பின்னால் நின்ற அம்மாள்கள் யாரையும் அங்கே நுழைய விடவில்லை. ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் படமெல்லாம் புதிதாக எடுத்தது, முகத்துக்கு முகம் பொருந்தியது. கடைசியாக வந்த பெண் மை காய்வதற்குள் விரலை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டே போனாள்.

தண்டபாணிக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. வராந்தா வரை ஓடிப்போய், நம்ம சின்னத்துக்குத்தானே அக்கா என்று கேட்டது என் காதில் விழுந்தது. ஜன்னலோரம் நின்று பதிலையும் கேட்டேன்.

"ஒன் கடைல நீ காட்டின வளையலுக்குப் போணி பண்ணேன் தண்டபாணி. இது என் கட."

யாருக்குப் போட்டார் என்று தண்டபாணிக்கும் தெரியாது, முனிரத்தினத்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தக் காலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அதுதான். அன்று மத்தியானம் புளிச்சோற்றைப் பிரித்தபோது அது எனக்குக் கல்யாண விருந்தாக இறங்கியது.

பிள்ளைகளே, நம் வேலையில் கெட்டவர்களை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். சத்தம் போடுவார்கள், தெரிந்துவிடும். அன்றைக்கு எனக்குப் பெரிய பாடமாக இருந்தது தண்டபாணிதான். அவர் சந்திராவை மதித்தார், நிஜமாகவே மதித்தார். ஆனால் வரிசையின் முன்னால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவதும் ஒருவரை வரிசையிலிருந்து வெளியேற்றுவதுதான் என்பது அவருக்குப் புரியவில்லை. சாவடிக்கு வருகிற யாருக்கும் நீங்கள் வரம் கொடுக்க வேண்டாம். அவர் இடத்தை அவருக்குக் காப்பாற்றிக் கொடுங்கள், போதும். இப்படி உபதேசம் செய்கிற நானே அடுத்த தேர்தலில் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

ஐந்து வருஷம் போயிற்று. ஓய்வு பெறும் முன் எனக்கு அது கடைசித் தேர்தல். யாருக்கு எந்தச் சாவடி என்று போடும் குலுக்கல் என்னை மறுபடி அதே திருச்சானூர்ப் பள்ளிக்கூடத்துக்கே தள்ளியது. காலையில் ஏஜெண்டுகள் ஒவ்வொருவராக வந்து நியமனச் சீட்டைக் கொடுத்தார்கள். முனிரத்தினத்தின் கட்சிச் சீட்டை ஒரு கை நீட்டியது, நிமிர்ந்து பார்த்தால் சந்திரா. இஸ்திரி போட்ட பருத்திப் புடவை, காதோரம் கொஞ்சம் நரை, கழுத்தில் ஏஜெண்ட் பேட்ஜ். முனிரத்தினமே வீட்டுக்குப் போய்க் கேட்டாராம். போன முறை தன் பக்கத்து ஆட்சேபத்தை உடைத்தவரை இந்த முறை தன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் நல்லது என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். ராசியும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும், அவரை எனக்குத் தெரியும். சந்திரா ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம், உட்காருகிற இடத்தில் யாரும் எலுமிச்சம்பழம் வைக்கக் கூடாது என்று. எதிர்ப் பக்கம் தண்டபாணி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஃபேன்.

சாயங்காலம், முடிகிற நேரம். வெளியே வரிசை இன்னும் நீளமாக இருந்தது. சந்திரா வீட்டுப் பெண்களில் ஒருத்தி, இப்போது ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை, ஷிப்ட் முடித்து பஸ் பிடித்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். கம்பெனி யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. அவளை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் எனக்கு மனசு பொங்கிவிட்டது. போன முறை கேட் வரை போய்த் திரும்பி வந்த இரண்டு பேரில் ஒருத்தி அவள். நான் எழுந்து வாசலுக்குப் போய், நீ முன்னால வாம்மா என்று கையைக் காட்டிக் கூப்பிட்டேன்.

பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அப்ஜெக்சன் மேடம்," என்றார் ஏஜெண்ட் சந்திரா. "அவ கடைசியா வந்தா. வரிசைல வரட்டும்."

தண்டபாணி ஏதோ சொல்லப் போனார், சந்திரா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, அக்காவை ஒரு முறை முறைத்துவிட்டு, முனிரத்தினத்தின் சம்சாரத்துக்குப் பின்னால் போய் வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் முறை வந்தபோது ஊரே விளக்குப் போட்டுவிட்டது. அவள் ஓட்டுப் போட்டாள்.

பி.ஓ. டைரியில் அன்றைய ஆட்சேபங்களை எழுத வேண்டும். எழுதினேன்: தலைமை அலுவலரின் செயலுக்கு ஏஜெண்ட் சந்திரா ஆட்சேபம் தெரிவித்தார், ஆட்சேபம் சரியானது, ஏற்கப்பட்டது. என் பணிக்காலம் முழுக்க எனக்கு எதிராக நின்று ஜெயித்த ஆட்சேபம் அது ஒன்றுதான். அதன் கீழே கையெழுத்துப் போட்ட சந்தோஷத்தில் என் பெயரை வழக்கத்தைவிடப் பெரிதாக எழுதிவிட்டேன்.